பெயர் சொல்லி அழைத்தால் வராத கணினி



முற்றாகக் கெட்டுப்போன பொருளைப் பழுதுபார்ப்பது எளிது. காலையில் நன்றாக இருந்து, பத்தரை மணிக்குக் கெட்டு, பழுதுபார்க்க ஆள் வரும்போது மீண்டும் நன்றாகிவிடும் பொருளே நம்மைப் பாடாய்ப் படுத்தும். எங்கள் பள்ளி வலையமைப்பில் சில மாதங்கள் நீடித்த சிக்கல் அத்தகையது.

அலுவலகம், ஆசிரியர் அறை, கணினிக்கூடம் மூன்றையும் இணைக்கும் சிறிய வலையமைப்பு அது. அலுவலக மூலையில் உள்ள வழங்கிக்குக் 'குறிஞ்சி' என்று பெயர். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவுகளின் முக்கியத்துவம் கூடிவிட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். மாணவர்களின் தேர்ச்சி நிலைகளைக் குறிஞ்சியிலுள்ள பொதுக் கோப்புறையில்தான் நாங்கள் பதிகிறோம். சில வேளைகளில் 'குறிஞ்சியைக் காணவில்லை' என்று கணினி கைவிரித்துவிடும். சிறிது நேரம் கழித்து, யாரும் எதையும் தொடாமலேயே கோப்புறை திறந்துகொள்ளும்.

இதனால் மிகவும் துன்பப்பட்டவர், பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியை. ஓய்வு நேரம் முடிந்ததும் அவருக்குப் பாடம் இல்லாத வேளை. அப்போதுதான் கணினியின் முன் அமர்வார். அப்போதுதான் குறிஞ்சி காணாமற்போகும். தொழில்நுட்பர் வருவதோ பிற்பகலில். அந்நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். "டீச்சர், பெயரைத் தப்பாத் தட்டியிருப்பீங்க" என்று அவரிடம் பலமுறை சொல்லப்பட்டது. நாளடைவில் தேர்ச்சி நிலைகளை நோட்டுப்புத்தகத்தில் எழுதிக் கிராணியிடம் கொடுக்கத் தொடங்கிவிட்டார். "எனக்கும் கணினிக்கும் ஒத்துவராது சார்" என்று அவர் சிரித்துக்கொண்டே கூறியதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வந்து வந்து போகும் பழுதில் இந்தக் கொடுமை உண்டு. அந்த நேரத்தில் யார் அமர்ந்திருக்கிறாரோ, பழி அவர்மீது விழுந்துவிடும்.

ஒவ்வொரு கணினியின் அருகிலும் ஒரு தாளை ஒட்டினேன். பழுது தோன்றும்போது நாளையும் மணியையும் குறித்துவிட வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டாம். இரண்டு வாரத்தில் தாள்கள் பேசின. ஏறக்குறைய எல்லாக் குறிப்புகளும் ஓய்வு நேரத்திற்குப் பிந்திய அரைமணி நேரத்திற்குள் அடங்கின. அலுவலகக் கணினிகளிலும் அதே கதைதான். ஆசிரியர் அறையின் ஒரே ஒரு கணினியின் தாள் மட்டும் வெறுமையாக இருந்தது.

கணினிகள் ஒன்றையொன்று அறிவது எண்களால். பெயர் நம் வசதிக்கானது. பெயரைச் சொன்னால் அதற்குரிய ஐபி எண்ணை யாரிடமாவது கேட்டறிய வேண்டும். தொடக்க காலத்தில் வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. அதைக் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையம் பராமரித்தது. பட்டியல் பெருகிக் கட்டுக்கடங்காமல் போகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ் என்னும் முறையை வகுத்தார். பழைய பட்டியலின் எச்சம் இன்றும் விண்டோஸ் கணினிகளில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற சிறு கோப்பாக இருக்கிறது. பழுதே வராத அந்தக் கணினியில் அக்கோப்பைத் திறந்தேன். எப்போதோ யாரோ குறிஞ்சியின் எண்ணை அதில் எழுதிவைத்திருந்தார்கள். அது யாரிடமும் கேட்கத் தேவையின்றித் தானே பதில் அறிந்திருந்தது.

ஆகவே கம்பியில் குறையில்லை. கேட்கும் இடத்தில்தான் குறை. மறுநாள் பழுது தோன்றிய வேளையில் 'பிங்' கட்டளையால் குறிஞ்சியை எண்ணைக் கொண்டு அழைத்தேன். உடனே பதில் வந்தது. பெயரைக் கொண்டு அழைத்தேன். அப்படி எதுவும் இல்லை என்றது. 'ஐபிகான்ஃபிக் ஆல்' கட்டளையைத் தந்தபோது காரணம் திரையிலேயே இருந்தது. பெயர் கேட்பதற்கு இரண்டு டிஎன்எஸ் முகவரிகள் கொடுக்கப்பட்டிருந்தன: முதலாவது குறிஞ்சி, இரண்டாவது வெளியுலகத்துப் பொது வழங்கி ஒன்று.

முதலாமவருக்குத் தெரியாவிட்டால் இரண்டாமவரிடம் கேட்கும் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. முதலாமவர் பதில் சொல்லத் தாமதித்தால்தான் அடுத்தவரிடம் போகும். விண்டோஸ் முதலில் காத்திருப்பது ஏறக்குறைய ஒரு நொடியே. 'இல்லை' என்று யார் சொன்னாலும் அதையே முடிவாக ஏற்றுக்கொண்டு, சிறிது நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். நம் மாணவனைப் பற்றி அலுவலகத்தில் கேட்கிறோம். கிராணி வேலையாக இருக்கிறார். உடனே பக்கத்துப் பள்ளிக் காவலரிடம் கேட்கிறோம். "அப்படி ஒரு பையன் இங்கில்லை" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லையே!

ஓய்வு முடிந்ததும் கணினிக்கூடத்தில் கணினிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் உயிர்பெற்றுக் குறிஞ்சியிடம் பாடக் கோப்புகளைக் கேட்கும். பழைய இயந்திரமாகையால் அது திணறும். அந்தத் திணறலே எங்கள் பத்தரை மணி.

தாள்களைக் கண்டபின் தொழில்நுட்பர் மறுக்கவில்லை. கணினிகளுக்கு முகவரிகளை வழங்கும் திசைவியின் அமைப்பில் இரண்டாவது டிஎன்எஸ் முகவரியை நீக்கினார். வெளியுலகப் பெயர்களைக் குறிஞ்சியே வெளியே கேட்டுச் சொல்லும்படி செய்தார். அதற்குக் கூடுதல் நினைவகமும் பொருத்தினார். ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்த வரியையும் அழித்தோம். நாளை குறிஞ்சியின் எண் மாறினால் அந்த ஒரு கணினி மட்டும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். "குறிஞ்சி படுத்துவிட்டால் இணையமும் கிடைக்காதே" என்றார். உண்மைதான். படுத்தால் எல்லாருக்கும் தெரியும்படி படுக்கட்டும் என்றேன். அப்போது யாரும் டீச்சரைக் குறைசொல்ல மாட்டார்கள்.

தாள்களை மேலும் இரண்டு வாரம் விட்டுவைத்தோம். ஒரு குறிப்பும் விழவில்லை. நோட்டுப்புத்தகத்தில் சேர்ந்துபோயிருந்த பதிவுகளை அந்த ஆசிரியை ஓய்வு நேரத்திற்குப் பிறகு அமர்ந்து தாமே தட்டச்சு செய்து முடித்தார். உதவ வந்த கிராணியை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்.