ஆறப் பொறுத்தவன்

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று ஒரு பழமொழி உண்டு அல்லவா? என் கதை அதற்கு நேர் தலைகீழானது. நான் ஆறப் பொறுத்தேன்; மறுபடி சூடேறத்தான் பொறுக்கவில்லை.

பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆராய்ச்சிச் சாலையில் மாணவனாயிருந்தேன். என் வசம் ஒரு 'கிரையோஸ்டாட்' ஒப்புவிக்கப்பட்டிருந்தது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். நாம் காப்பி ஊற்றி வைக்கிறோமே, அந்தப் பிளாஸ்க்கின் பெரிய அண்ணன்தான் அது. 1892-ஆம் வருஷத்தில் ஜேம்ஸ் டேவார் என்னும் விஞ்ஞானி, இரு சுவர்களுக்கிடையே காற்றே இல்லாத அந்தக் கூஜாவைச் செய்தது குளிர்ந்த திரவங்களைக் காப்பதற்காகவே. காப்பி அதில் குடியேறியது பிற்பாடு.

அதைக் குளிர்விப்பது ஒரு கல்யாண வைபவம் மாதிரி. திரவ ஹீலியம் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரியில் கொதிப்பது, சிறிது உஷ்ணம் பட்டாலும் ஆவியாகிவிடும், விலையோ அதிகம். ஆகவே முதலில் மலிவான திரவ நைட்ரஜனைக் கொண்டு 196 டிகிரி வரையில் இறக்க வேண்டும். அதையும் சிறிது சிறிதாகவே விட வேண்டும். ஒரு மீட்டர் எஃகு அந்தக் குளிரில் சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கும். ஒரு பக்கம் முந்திச் சுருங்கினால் பற்றவைத்த இடங்கள் விட்டுவிடும். பிறகு உட்பாத்திரத்து நைட்ரஜனைச் சொட்டு மீதியின்றி அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஹீலியத்தின் குளிரில் அது கல்லாய் உறைந்து குழாய்களை அடைத்துவிடும்.

இவ்வளவையும் சிரத்தையுடன் செய்தேன். பரிசோதனை முடிந்த தினம் தீபாவளிக்கு முந்திய நாள். இரவு ஒன்பது மணிக்கு எனக்கு ரயில். ஹீலியம் முழுவதும் போய்விட்டது; வெளிச்சுற்றில் மட்டும் கொஞ்சம் நைட்ரஜன் மிச்சமிருந்தது. ஈரக் காற்று உள்ளே புகாதிருக்கட்டும் என்று எல்லா வால்வுகளையும் இறுக மூடிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் எங்கள் கிழ மெக்கானிக் எதிர்ப்பட்டார்.

"தம்பி, மூச்சு விட வழி வைத்தீர்களா?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். அவர் உள்ளே ஓடினார். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை எட்டியிருந்தது. அபாய வால்வின் வாயிலோ பனி உறைந்து கட்டியாயிருந்தது. ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டு, வெளியேற்றும் வால்வை மெள்ள மெள்ளத் திருகினார். சீறிக்கொண்டு வெளிப்பட்டது வாயு. ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். பாத்திரம் அதை எங்கே கொள்ளும்? அறையில் நிரம்பினாலோ, வாசனையே காட்டாமல் மூச்சை நிறுத்திவிடும்.

"இது தூங்கும் பாம்பு, தம்பி. விழிக்கும்போது வழிவிட வேண்டும்" என்றார் அவர்.

வெந்நீர் ஊற்றி அவசரப்படுத்தலாகாது. அறையின் உஷ்ணத்துக்கு வரும் முன் மூடியைத் திறந்தால் ஈரம் உள்ளே படிந்து கருவிகளைக் கெடுக்கும். ஆகவே இரவு முழுவதும் மணிக்கொரு தரம் உஷ்ணத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொழுது விடிகையில் ஊரெங்கும் வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் அறையில் மட்டும் ஒன்றும் வெடிக்கவில்லை.

எனக்குத் தவறியது ஒரு ரயில்தான். மாலையில் வேறு ரயில் கிடைத்தது. அந்தப் பெரியவருக்குத் தவறியதோ பேரக் குழந்தைகளோடு செய்யும் கங்கா ஸ்நானம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை.