கால் நனையுது

"அண்ணா, கால் நனையுது."

கோப்பாய் - கைதடி வீதியில், இரண்டு பக்கமும் கடல்நீரேரி கிடக்க, இடைநடுவில் நின்றுபோன ஒரு காரின் பின்சீற்றில் இருந்து வந்த சொல் இது. சொன்னது எங்களில் ஒருத்தனின் தம்பி. வயது 14. அன்றைக்கு மழையும் இல்லை, காருக்குள் தண்ணிப் போத்தலும் இல்லை. அவன் காலை நனைத்தது பெற்றோல்.

அந்தக் காரைச் செய்தது நாங்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். ஒருத்தன் வீடுகளுக்குத் தண்ணிக் குழாய் பூட்டுகிறவன். ஒருத்தன் போன் திருத்துகிறவன். ஒருத்தன் வங்கியில் வேலை. ஒருத்தி கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறவள். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு பழைய ரொயோற்றா ஸ்ரார்லெற், கேபி61. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு, ஓடக்கூடிய பழைய கார் எல்லாம் பொன் விலைக்குப் போனது. இது ஓடாத கார். ஒரு மாமரத்துக்குக் கீழே, உள்ளுக்குக் கோழி அடைகாத்துக்கொண்டு கிடந்தது. அதனால் எங்களுக்குக் கட்டுப்படியானது.

கேபி61 இல் கொம்பனி பூட்டி அனுப்பினது 1.3 லீற்றர் 4கே எஞ்சின், காபுரேற்றரோடு. அதைக் கழற்றிவிட்டு 4ஏ-ஜிஇ எஞ்சின் ஒன்றை இறக்கினோம். 1.6 லீற்றர், 16 வால்வு. ஏஈ86 காரில் இருந்தது என்றால் இனிஷியல் டி பார்த்த எல்லாருக்கும் விளங்கும். ஏப்பிரலில் நுவரெலியாவில் நடக்கிற மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு, ஓட இல்லாவிட்டாலும், பார்க்கவாவது இந்தக் காரில் போகவேணும் என்பது கனவு.

எஞ்சினை இறக்குவது கஷ்டமான வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். அது வடிவாக வந்தது. நாங்கள் பிழைவிட்டது ஒருத்தரும் படம் எடுத்துப் போடாத ஒரு இடத்தில்: பெற்றோல் போற வழியில்.

காபுரேற்றர் எஞ்சினுக்கும் இன்ஜெக்சன் எஞ்சினுக்கும் பெற்றோல் ஒன்றுதான், ஆனால் அது வருகிற வேகம் வேறு. காபுரேற்றருக்கு எஞ்சினிலேயே பூட்டியிருக்கிற சின்னப் பம்ப் மூன்று, நாலு பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மெல்லத் தள்ளிவிடும். ஹோஸ் கழன்றாலும் ஒழுகும், அவ்வளவுதான். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். இன்ஜெக்சனுக்குச் சுமார் 40 பி.எஸ்.ஐ. வேணும். கார் ரயருக்கு அடிக்கிற காற்றைவிடக் கூட. பம்ப் கரண்டில் ஓடுது. அங்கே ஹோஸ் கழன்றால் ஒழுகாது, பீச்சும்.

இன்னொன்று, பெற்றோல் போனால் மட்டும் காணாது, திரும்பியும் வரவேணும். எங்கள் பொறியியல்காரி கணக்குப் போட்டாள். 130 குதிரைவலு என்று வைத்தால், முழு மூச்சில் ஓடும்போது அந்த எஞ்சின் மணித்தியாலத்துக்குச் சுமார் 40 லீற்றர் குடிக்கும். நாங்கள் வாங்கின பம்ப் 120 லீற்றர் தள்ளும். மிச்சம் முழுக்க, அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றரைத் தாண்டி, திரும்பு குழாய் வழியாக வரும். அதோடு பழைய தாங்கிக்குள் தடுப்பு இல்லை. வளைவில் திருப்பினால் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடிக்கும். அதனால் இடையில் ஒரு சின்னத் தாங்கி வைத்து, அதை ஒரு பம்ப் நிரப்ப, அதில் இருந்து பெரிய பம்ப் எடுக்கிற மாதிரிச் செய்யவேணும்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிழை விட்டோம்.

சின்னத் தாங்கியையும் பம்பையும் பின்சீற்றுக்குப் பின்னால் டிக்கிக்குள் வைத்தோம். இது ஹச்பேக் கார். டிக்கிக்கும் சீற்றுக்கும் நடுவில் இரும்புச் சுவர் இல்லை, ஒரு அட்டை மட்டும். ஹோஸ் வாங்கப் போன இடத்தில் இன்ஜெக்சனுக்கு என்றே வருகிற, ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் இருந்தது. பக்கத்தில் ஒன்றும் அச்சடிக்காத கறுப்பு ஹோஸும் இருந்தது. "ரெண்டும் ரப்பர் தானே" என்று மலிவானதை எடுத்தோம். கிளிப்புக்குத் தண்ணிக் குழாய்க்குப் போடுகிற, பல்லு வெட்டின கிளிப். பூட்டுகளில் பிளம்பிங் வெள்ளை ரேப் சுற்றினோம். குழாய் வேலை தெரிந்தவன் எங்களோடு இருக்கிறானே!

கடைசிப் பிழைதான் பெரிசு. இந்த எஞ்சினின் பழைய வகையில், காற்று உள்ளே போகிற இடத்தில் ஒரு மடல் இருக்கும். காற்று போனால் மடல் திறக்கும், திறந்தால்தான் பம்ப் ரிலேக்குக் கரண்ட் வரும். எஞ்சின் நின்றால் மடல் மூடும், பம்பும் நிற்கும். ஒரு கார் எங்கேயாவது மோதி எஞ்சின் நின்றுவிட்டால் பெற்றோல் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்று யோசித்துச் செய்த வேலை அது. எங்களுக்கு அந்த வயரிங் சரிவரவில்லை. இரண்டு பின்னேரம் மினக்கெட்டுவிட்டு, பம்பை நேரே திறப்புச் சுவிச்சில் கொழுவினோம். திறப்புப் போட்டால் பம்ப் ஓடும், எஞ்சின் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன.

இதே காருக்கு ஸ்ரியரிங் வீல் வாங்க மட்டும் காசு இருந்தது என்பதையும் எழுதத்தான் வேணும்.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். தம்பி தானும் வாறன் எண்டு அழுதான், ஏற்றினோம். கைதடிப் பக்கம் போகும்போது காலை அழுத்தினால், அந்த எஞ்சின் போட்ட சத்தத்துக்கு எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்சத் தூரத்தில் இருமினது, நின்றது. ஓடினவன் திறப்பைத் திருகினான், வரவில்லை. திருப்பியும் திருகினான். பம்ப் உறுமுற சத்தம் கேட்டது. "பம்ப் வேலை செய்யுது, வேற என்னவோ" என்று நாங்கள் முன்னால் போய் பொனற்றைத் திறந்து பார்த்தோம். திறப்பு போட்டபடியே கிடந்தது. மணித்தியாலத்துக்கு 120 லீற்றர் என்றால் நிமிசத்துக்கு இரண்டு லீற்றர். கிளிப்பில் இருந்து ஹோஸ் வழுக்கிக் கழன்று, பெற்றோல் பின்சீற்றுக்குக் கீழால் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்பதான் அந்தச் சொல் வந்தது.

அவனை இழுத்து எடுத்தோம், திறப்பை நிப்பாட்டினோம், தூரப் போய் நின்றோம். ஒரு பொறி பறந்திருந்தால் போதும். பறக்கவில்லை. ஒண்டும் நடக்கவில்லை. அவனுடைய காலைக் கழுவ அருகில் இருந்த வீட்டில் தண்ணி கேட்டபோது, எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது எங்களில் ஒருத்தனின் பெரியப்பாவிடம். அவர் முன்னம் கராச் வைத்திருந்தவர். பேச்சு விழும் என்று நினைத்தோம். அவர் டிக்கியைத் திறந்து கனநேரம் பார்த்தார்.

"எத்தினை லீற்றர் ஊத்துப்பட்டது?"

"மூண்டு இருக்கும் பெரியப்பா."

"ம்."

நாங்கள் சும்மா இருந்திருக்கலாம். எங்களில் ஒருத்தன் நிலைமையைச் சமாளிக்கிறதுக்கு, "நீங்களும் அந்தக் காலத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்கள் தானே, யாழ்ப்பாணத்து மூளை எங்களுக்கும் இருக்கு" என்றான்.

அந்தக் கதை எங்கள் ஊரில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். 90களில் பொருளாதாரத் தடைக்குள் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராது. ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதனால் ஸ்ரார்ட் பண்ண மட்டும் ஒரு துளி பெற்றோல். அதைச் 'சூப்பி' என்ற சின்னப் போத்தலில் வைத்து, காபுரேற்றர் வாய்க்குள் பீச்சுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகைக்கும், இடிக்கும், ஆனால் ஓடும். இந்தக் கதையை நாங்கள் பெருமையாகத்தான் கேட்டு வளர்ந்தோம்.

பெரியப்பா சேட்டுக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். உள்ளங்கைப் பக்கத்தில் இருந்து மேலே வரைக்கும் தோல் சுருங்கி, மினுமினுத்துக்கொண்டு இருந்தது. அந்தத் தழும்பை நாங்கள் எத்தனையோ தரம் கண்டிருக்கிறோம். கேட்டதில்லை.

"சூப்பியால அடிக்கேக்க எஞ்சின் திருப்பி வெடிச்சது. காபுரேற்றர் வாயால நெருப்பு வந்து கையில பிடிச்சது. ஆஸ்பத்திரியில மருந்தில்லாத காலம். அப்ப எங்களுக்கு வேற வழி இருக்கேல்ல, பிள்ளையள். ஹோஸ் இல்ல, கிளிப் இல்ல, பெற்றோலும் இல்ல. நீங்கள் போன கடையில எல்லாம் இருந்தது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சேட்டுக் கையை இறக்கிவிட்டார்.

இல்லாத காலத்தில் இருந்த ஆட்கள் உயிர் பிழைக்கச் செய்ததை, இருக்கிற காலத்தில் நாங்கள் சோம்பலுக்கும் மிச்சம் பிடிக்கிறதுக்கும் சாட்டாக எடுத்துக்கொண்டோம். அதுக்கு 'மூளை' என்று பெயரும் வைத்தோம். 2022 இல் வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்றபோதும் இதே பெருமையைத்தான் பேசினோம். தட்டுப்பாட்டைத் தாண்டின கதையைச் சொல்லுகிற நாங்கள், அதுக்கு ஆர் ஆர் என்ன விலை குடுத்தவை என்று கேட்பதில்லை.

பிறகு முழுவதையும் கழற்றினோம். வெள்ளை ரேப் பிய்ந்து, நார்நாராக இன்ஜெக்டர் வாயில் இருக்கிற சின்ன வடியில் போய் அடைத்திருந்தது. கூம்பு மாதிரி விரித்த குழாய் வாய், உலோகமும் உலோகமும் அமர்ந்துதான் அடைபடும், ரேப் தேவையே இல்லை. எங்கள் குழாய்க்காரனுக்கு அது பெரிய அடி. "தண்ணி ஒழுகினா வீட்டுக்காரர் ஏசுவினம். இது ஒழுகினா ஏச ஆள் இருக்காது" என்று அவனே சொன்னான்.

இந்த முறை ஆர்9 ஹோஸ் போட்டோம். ஹோஸை வெட்டாத, மழுங்கின விளிம்புள்ள கிளிப் போட்டோம். கிளிப்புக்கு முன்னால் குழாய் வாயில் ஒரு சின்ன மேடு எழுப்பினோம், ஹோஸ் வழுக்காமல் இருக்க. காருக்குக் கீழால் போகிற இடம் முழுக்க இரும்புக் குழாய், எக்ஸோஸ்ற் போகாத பக்கமாக, அடிக்கு ஒரு பிடி போட்டு. தகடு துளைத்து வருகிற இடங்களில் ரப்பர் வளையம். செம்புக் குழாய் வளைக்கச் சுகம் என்று கேட்டுப் பார்த்தோம். அதிர அதிரச் செம்பு இறுகி வெடிக்கும் என்று பெரியப்பா விடவில்லை. பழைய தாங்கியின் ஓட்டைக்கு வெல்டிங் பிடிப்பம் என்றபோதும் மறுத்துவிட்டார். வெறுந்தாங்கியில் நிற்கிற ஆவிதான் நிரம்பின தாங்கியைவிடப் பொல்லாதது. வேறு தாங்கி தேடி எடுத்தோம்.

சின்னத் தாங்கியையும் பம்புகளையும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து, மூடி அடைத்து, ஒழுகினால் வெளியே ரோட்டில் விழுகிற மாதிரி ஒரு வடிகுழாய் போட்டோம். பின்சீற்றுக்குப் பின்னால் தகட்டுச் சுவர் எழுப்பினோம். மடல் வயரிங்கைத் திருப்பிக் கொழுவினோம். அதுக்குப் பின்னேரம் இரண்டு இல்லை, ஐந்து போனது. அதோடு, மோதினால் கரண்டை வெட்டுகிற சுவிச் ஒன்றை உடைத்த காரொன்றில் இருந்து கழற்றிப் பூட்டினோம். முன்சீற்றுக்குப் பக்கத்தில் தூள் அடிக்கிற தீயணைப்பு உருளை ஒன்று.

கார் இப்ப ஒரு குதிரைவலுவும் கூட ஓடவில்லை. பார்க்கிற ஆட்களுக்கு முந்தியதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது.

தம்பி அந்தக் காருக்குக் கிட்ட வரவேயில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. கடைசி நாள், எல்லாம் பூட்டின பிறகு, பெரியப்பா ஒரு சோதனை சொன்னார். ஒவ்வொரு பூட்டையும் துடைத்துக் காயவிட்டு, வெள்ளை ரிசுத் தாளைச் சுற்றிவிட்டு, எஞ்சினை எடுக்காமல் பம்பை மட்டும் பத்து நிமிசம் ஓடவிட்டுப் பார்க்கவேணும். ஒரு துளி கசிந்தாலும் தாள் காட்டிக்குடுக்கும். தாள் சுற்ற ஆள் தேடினபோது அவன் வாசலில் நின்றான். "நான் பாக்கிறன்" என்றான்.

பதினாறு பூட்டு. ஒவ்வொன்றாகத் தானே சுற்றினான். பம்ப் ஓடினது. பத்து நிமிசமும் நாங்கள் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு அவன் ரோச் லைற்றோடு காருக்குக் கீழே படுத்து, ஒவ்வொரு தாளாக எடுத்து, விரலால் அமத்தி, மூக்குக்குக் கிட்ட வைத்து மணந்து பார்த்தான்.

"காஞ்சிருக்கு" என்றான். அடுத்ததை எடுத்தான்.