பேரலையும் வீட்டு வாசலும்



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் வியக்கும் வீரர்' எனும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். பூப்பந்து, காற்பந்து வீரர்களே பெரும்பாலான ஏடுகளில் இடம்பெற்றிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் போர்ச்சுகல் நாட்டு நாசரே கடலில் பேரலைமீது சறுக்கும் வீரரைப் பற்றி எழுதியிருந்தான். வகுப்பின் அகன்ற திரையில் அந்தக் காணொளியை அனைவருக்கும் காட்டினேன். மாணவர்கள் கைதட்டினர். பின் வரிசையிலிருந்த ஒரு மாணவி மட்டும், "சார், அவருக்குப் பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்டாள்.

மணி அடித்துவிட்டதால் நான் தப்பித்தேன். ஆயினும், அக்கேள்வி என்னுடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்றிரவு தொடங்கி இவ்விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். நாசரே கரையருகே கடலடியில் ஏறத்தாழ ஐந்தாயிரம் மீட்டர் ஆழம்வரை செல்லும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலின் குளிர்காலப் புயல் எழுப்பும் அலை, அப்பள்ளத்தாக்கின் வழியே விசை குன்றாமல் வந்து கரையோரத்தில் மலைபோல் நிமிர்கிறது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் செபஸ்தியான் ஸ்டியூட்னர் அங்குச் சறுக்கிய அலையின் உயரம் 26.21 மீட்டர் என்று கின்னஸ் பதிவு செய்துள்ளது. எட்டு மாடிக் கட்டடத்தையும் தாண்டிய உயரம் அது.

ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். அலை கவிழும்போது அத்தகைய டன்கள் பலவும் ஒரு மனித உடல்மீது விழுகின்றன. உள்ளே இருள். மேல் எது, கீழ் எது என்று புலப்படாது. நுரைத்த நீரில் காற்று மிகுந்திருப்பதால் அது உடலைத் தாங்காது. நீந்தினாலும் எழ இயலாது. பதினைந்து இருபது விநாடிகளில் அடுத்த அலை வந்துவிடும். அதற்குள் ஒரு மூச்சு இழுத்தவர் பிழைத்தார். இழுக்காதவர் இரண்டாம் அலையையும் பழைய மூச்சிலேயே தாங்க வேண்டும்.

மார்க் ஃபூ என்பவரின் வரலாற்றை நான் இருமுறை படித்தேன். அவர் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1958இல் பிறந்தவர் என்பதும் அதற்கு ஒரு காரணம். சிறுவயதில் ஹவாய் சென்று, அங்குப் புகழ்பெற்ற பேரலை வீரராக வளர்ந்தார். 1994ஆம் ஆண்டு டிசம்பரில், கலிபோர்னியாவின் மேவரிக்ஸ் கடற்பகுதியில் பெரிய அலைகள் எழுகின்றன என்று கேள்வியுற்று, இரவோடு இரவாக விமானம் ஏறிப் போனார். 23ஆம் நாள் பகலில் ஓர் அலையில் விழுந்தார். அன்றைய அலைகளில் அதுவே பெரியது என்றும் சொல்வதற்கில்லை. சுற்றிலும் தோழர்கள் இருந்தனர்; படகுகளும் படப்பிடிப்பாளர்களும் இருந்தனர். எனினும் அவர் எழவில்லை என்பதை எவரும் கவனிக்கவில்லை. நேரம் கழித்தே உடல் மிதப்பதைக் கண்டனர். அவருக்கு வயது 36.

அதே மேவரிக்ஸில் 2011 மார்ச் மாதம் சியோன் மிலோஸ்கி மாண்டார். அவருக்கு வயது 35. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தனர். நாசரேயில் 2023 ஜனவரியில் பிரேசில் நாட்டு மார்சியோ ஃபிரெய்ரே 47ஆம் வயதில் உயிரிழந்தார். இவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்லர். தங்கள் கலையின் உச்சியில் நின்றவர்கள்.

முதலில் எனக்குச் சினமே மூண்டது. இடர்ப்பாடு நம் குடும்பங்களுக்குப் புதிதா என்ன? என் தாயார் தோட்டத்தில் விடியற்காலை இருளில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்பும் பூரானும் நிறைந்த நிரையில் பால்மரம் சீவியவர். அவர் இறங்கிய இருளுக்குக் கைதட்டியவர் எவருமில்லை. பிள்ளைகளின் வயிற்றுக்காக ஏற்ற ஆபத்து அது. பிள்ளைகள் இருந்தும் இன்பத்துக்காக ஏற்கும் ஆபத்தை எப்படி வீரம் என்பது? இப்படியெல்லாம் எழுதி, அந்த மாணவனின் ஏட்டில் அறிவுரையாக ஒட்டிவிடலாம் என்றுகூட எண்ணினேன்.

நல்ல வேளை, ஒட்டவில்லை. ஏனெனில், எழுதிக்கொண்டிருந்த மேசையிலிருந்து பார்த்தால் தெரியும் முன்வாசலில்தான் என்னுடைய 650 சிசி மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

பதினோர் ஆண்டுகளாக மாதம் ஒருமுறை, நண்பர்களுடன் காராக் வழியாகவோ கேமரன் மலைக்கோ விடியலில் புறப்படுவது என் வழக்கம். வளைவில் வண்டியைச் சாய்க்கும் அந்தக் கணத்தில் பாடத்திட்டமும் இல்லை, கடனும் இல்லை. அதை வேறு எதுவும் எனக்குத் தந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் ஒருவர் அத்தகைய வளைவொன்றில், எதிரே வந்த லாரியில் மோதி இறந்தார். இறுதிச் சடங்கில் அவருடைய மகன் கொள்ளிக்குடத்தைத் தூக்க முடியாமல் தூக்கியதைப் பார்த்தேன். ஒன்பது வயது. மூன்று மாதம் வண்டியைத் தொடவில்லை. நான்காம் மாதம் தொட்டேன்.

ஆகவே, ஷேன் டோரியனைப் பற்றிப் படித்தபோது சற்று நிதானமாகவே படித்தேன். இரண்டு குழந்தைகளின் தந்தை. 2010இல் மேவரிக்ஸில் நீருக்கடியில் மாட்டி மயிரிழையில் உயிர்தப்பினார். அலையை அவர் விடவில்லை. மாறாக, கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பி மேலே தூக்கும் அங்கியொன்றை உருவாக்கச் செய்தார். அத்தகைய அங்கிகளை இன்று பேரலை வீரர்கள் பரவலாக அணிகின்றனர். கேரட் மெக்னமாரா நாசரேயில் சறுக்கும்போது அவருடைய மனைவி நிக்கோல் குன்றின்மேல் நின்று, வரும் அலைகளை வானொலிக் கருவியில் அறிவிப்பவர். கணவர் நுரைக்குள் மறையும் ஒவ்வொரு முறையும் அவர் அங்கிருந்து பார்க்கிறார். அதைப் பொறுப்பு என்பதா, கொடுமை என்பதா? எனக்கு இரண்டுமாகத் தோன்றுகிறது.

மனம் நிறைந்து படித்தது எடி ஐகாவுவின் வரலாற்றைத்தான். ஹவாயின் வைமேயா கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்து நூற்றுக்கணக்கானோரை மீட்டவர். 1978இல் தாம் சென்ற பாய்மரப் படகு கவிழ்ந்தபோது, தோழர்களுக்கு உதவி தேடிப் பலகையில் தனியே துடுப்பிட்டுச் சென்றார். தோழர்கள் மீட்கப்பட்டனர், அவர் திரும்பவேயில்லை. அவர் பெயரால் நடக்கும் போட்டியில் 2023ஆம் ஆண்டு வென்ற லூக் ஷெபர்ட்சன் அன்றைக்குப் பணியிலிருந்த உயிர்காப்பாளர். மேலதிகாரியிடம் அனுமதி பெற்று, இடையிடையே கடலில் இறங்கி வென்றுவிட்டு, மீண்டும் பணிக்குத் திரும்பினாராம். மாணவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டுமென்று குறித்துவைத்தேன்.

கடந்த வெள்ளியன்று இரவு, மகள் உறங்கிய பிறகு, என் கோப்புகளை எடுத்துக்கொண்டு மனைவியின் அருகில் அமர்ந்தேன். காப்புறுதிப் பத்திரம், வீட்டுக் கடன், வங்கிக் கணக்கு, ஓய்வூதிய ஆவணங்கள் யாவும் எங்கிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பதினோர் ஆண்டுகளில் ஒருமுறைகூட இதைச் செய்யாதவன் நான். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். எப்போது நிறுத்துவீர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லையேங்க" என்றார்.

வண்டியின் சாலை வரி நவம்பரில் முடிகிறது. புதுப்பிப்பதா இல்லையா என்று இன்னும் நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை.