பரிசலில் மூவர்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் வாத்தியார் 'பேஷ் அ லா மூஷ்' பற்றிச் சொல்வார். இறகால் கட்டிய பொய் ஈயை ஆற்றின் மேல் வீசி மீனை ஏமாற்றும் வித்தை அது. நின்றுகொண்டு வீசினால்தான் சரியாக விழுமாம். அந்த நினைப்பில்தான், மயிலாப்பூர் நண்பர்கள் இருவரோடு ஒகேனக்கல் போனபோது, நீளமான படகு வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன்.

பரிசல்காரர் சிரித்தார். "பாறையில மோதினா படகு உடைஞ்சிடும் சார். இது மோதினாலும் திரும்பி வந்துடும்" என்றார். பார்த்தேன். மூங்கில் பின்னல், அடியில் தார் பூச்சு. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே மிதக்கும்; ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போகிறார்.

"ஆனா நிக்கக் கூடாதுங்க."

நான் முகம் சுளித்தேன். அப்போதுதான் நண்பர்களில் ஒருவர், தனக்கு நீச்சல் தெரியாது என்று மெல்லச் சொன்னார். இருபது வருஷம் பக்கத்து மேஜை, எனக்குத் தெரியாது! அதற்கு மேல் படகுப் பேச்சே எடுக்கவில்லை. பெரிய பரிசலாகக் கேட்டு, எடை ஒரு பக்கம் சாயாமல் சுற்றி உட்கார்ந்தோம்.

பொய் ஈ பைக்குள்ளேயே கிடந்தது. மண்புழுதான். என் தூண்டிலில் ஒன்றும் சிக்கவில்லை. நீச்சல் தெரியாதவர் மட்டும், இடக்கையால் விளிம்பை விடாமலேயே, ஒரு கெண்டையை இழுத்துப் போட்டார்.