அம்மன் மாலைக்கு எந்தக் கம்பி?



ஆடித் திருவிழாவுக்கு அலங்கார வேலை தொடங்கிட்டோம். கைவேலைக்கு வர்ற பிள்ளைங்களும் அக்காமார்களும் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான்: "எந்தக் கம்பி வாங்கணும்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போடுறதை விட இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

இந்த வருஷம் இந்தக் கேள்விக்குக் கனம் கூடிப்போச்சு. நம்ம சுங்கை காடுட்ல பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியம்மா ஒருத்தங்க, ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து கையில வெச்சாங்க. உள்ளே 18 பவளம், 9 தங்கக் குண்டு. அவங்க அம்மாவோட தாலிக்கொடியில கோத்திருந்தது. "ஆத்தாளுக்குக் கோத்துப் போடும்மா" அப்படின்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. எஸ்டேட்டு போயி தாமான் வந்துருச்சு. லயத்து வீடும் இல்ல. அந்தத் தாயோட உழைப்புல மிச்சம் இருக்குறது இந்த டப்பாதான். ரத ஊர்வலத்துல மாலை அறுந்து ஒரு பவளம் கூட்டத்துக்குள்ள உருண்டா, அதை எந்தக் கடையில போயி வாங்குறது?

அதனால கம்பியைப் பத்திப் பேசுவோம்.

முதல்ல தடிமன். கடையில 18, 20, 24, 26னு நம்பர் போட்டிருக்கும். நம்பர் கூடக் கூட கம்பி மெலிசு. பலபேர் இதைத் தலைகீழா நினைச்சுக்கிறாங்க. அந்தக் காலத்துல கம்பியைத் துளை போட்ட இரும்புத் தகட்டுல ஒண்ணைவிட ஒண்ணு சின்ன ஓட்டையா விட்டு இழுப்பாங்க. எத்தனை தடவை இழுத்தாங்களோ, அவ்வளவு மெலிசாகும். நம்பர் வந்த வழி அதுதான். நகைக் கம்பியில 20 நம்பர் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், 24 நம்பர் 0.5, 26 நம்பர் 0.4. கிரீடம், ஒட்டியாணம் மாதிரி உருவம் நிக்க வேண்டியதுக்கு 18 அல்லது 20. மணியைச் சுத்திக் கட்ட 24 அல்லது 26. ஆனா கம்பெனிக்குக் கம்பெனி அளவுமுறை மாறும். அதனால நம்பரை மட்டும் நம்பாம மில்லிமீட்டரையும் பார்த்து வாங்குங்க.

ரெண்டாவது, என்ன உலோகம். செம்புக் கம்பி மலிவு, கைக்கு நல்லா வளையும். ஆனா எலுமிச்சைச் சாறு, தயிர், வேர்வை பட்டா பச்சை பூக்கும். பித்தளையிலயும் செம்பு இருக்கு, அதுக்கும் இதே கதைதான். அலுமினியம் லேசு, பூ வேலைக்கு நல்லது, பாரம் தாங்காது. இரும்பும் ஸ்டீலும் பலம்தான், ஆனா பஞ்சலோகத்துல பெரும்பங்கு செம்பு. ஸ்டீல் கம்பி நுனி உரசினா உற்சவர் மேனியில கீறல் விழும். திரை போட்ட பிறகு குருக்கள் விளக்கு வெளிச்சத்துல, சில நிமிஷத்துக்குள்ள அலங்காரத்தை முடிக்கணும். நீட்டிக்கிட்டு நிக்கிற நுனி அவர் விரலையும் குத்தும், பட்டுச் சேலையையும் இழுக்கும். அதனால எந்தக் கம்பியா இருந்தாலும் நுனியை உள்பக்கம் மடக்கி, விரலால தடவிப் பாருங்க.

இன்னொண்ணு. ஒரே இடத்துல கம்பியை முன்னும் பின்னும் வளைக்காதீங்க. வளைக்க வளைக்க இறுகும், அப்புறம் பட்டுன்னு ஒடியும். தப்பா வளைஞ்சிட்டா அந்தத் துண்டை வெட்டிப் போட்டுட்டுப் புதுசு எடுங்க. நாலு காசு போனாப் போகுது.

நிதி திரட்ட தோடு செய்யிற பிள்ளைங்களுக்கு: காதுல நுழையுற கொக்கி மட்டும் 92.5 வெள்ளியா இல்லன்னா மருத்துவத் தர ஸ்டீலா இருக்கட்டும். ஜெர்மன் சில்வர்ல பேருல மட்டும்தான் வெள்ளி. உள்ளே இருக்குறது செம்பு, நிக்கல், துத்தநாகம். நிக்கல் பலபேர் காதுக்கு ஒத்துக்காது. அரிச்சு, சிவந்து, புண்ணாயிடும். நம்ம ஆலயத்துக்காக வாங்கின தோடு ஒரு பிள்ளையோட காதைப் புண்ணாக்கக் கூடாது.

இப்போ பெரியம்மா மாலைக்கு வர்றேன்.

தங்சி போதும்னு ஒருத்தர் சொன்னாங்க. தங்சி நாளாக நாளாக இழுபடும், தீபச் சூட்டுக்கு இளகும். பட்டு நூல் மரபுதான், ஆனா தங்கக் குண்டோட ஓட்டை விளிம்பு ரதத்து ஆட்டத்துல நூலை அறுக்கும். தனிக்கம்பி மாலையா தொங்காது, மடிஞ்ச இடத்துல முறியும். கடைசியில, மெல்லிய ஸ்டீல் இழைகளைப் பின்னி மேலே நைலான் பூசின கம்பியை எடுத்தோம். தமிழ்நாட்டுக் கடைகள்ல கியர் வயர்னு கேப்பாங்க. 7 இழையிலயும் வரும், 49 இழையிலயும் வரும். இழை கூடினா கம்பி நூல் மாதிரி விழும். பவளத்து ஓட்டை சின்னது, அதனால 0.38 மில்லிமீட்டர் கனத்துல 49 இழை வாங்கினோம்.

நான் மணிகளை நெருக்கமா கோத்து இறுக்கப் போனப்போ பெரியம்மா கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "மங்கு கட்டுற கம்பியைப் பார்த்திருக்கியா? அதுல சுருள் வெச்சிருப்பாங்க. மரம் பருக்கும்போது சுருள் விரிஞ்சு குடுக்கும். இறுக்கிக் கட்டினா கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சிரும். கொஞ்சம் இடம் விடு." கைவேலைப் புத்தகங்களும் இதைத்தான் சொல்லுது: ரெண்டு மூணு மில்லிமீட்டர் தளர்வு விடணும், இல்லன்னா மணி ஒண்ணோட ஒண்ணு உரசி மாலை விறைச்சுப் போகும். பெரியம்மா அதை நிரையில நின்னு படிச்சிருக்காங்க.

ரெண்டு பக்க நுனியிலயும் கொக்கி வைக்கல, பட்டுக்கயிறு வெச்சோம். பழைய கோயில் நகைகளைப் பின்னால கயிறு வெச்சுத்தானே கட்டுவாங்க. கம்பி பவளத்துக்குள்ளேயே இருக்கும். அம்மன் கழுத்துல படுறது பட்டு மட்டும்தான். 27 மணிக்குப் போக மிச்ச நீளத்தைக் கயிறு பார்த்துக்கும்.

அலங்காரத் தொண்டூழியர்கள் ஒண்ணை மறக்காதீங்க. அபிஷேகத்துக்கு முன்னாடி இந்த மாலையைக் கழட்டிடணும். பவளம் சுண்ணாம்பு வகை. எலுமிச்சையும் தயிரும் பட்டா மேல்பூச்சு அரிச்சு மங்கிடும். கழட்டினதும் ஈரத்துணியால துடைச்சு, காய வெச்சு, டப்பாவுல வைங்க. கோத்த தேதியை மூடியில எழுதியிருக்கேன். அடுத்த ஆடிக்கு முன்னாடி யாராவது கம்பியைச் சோதிச்சு, நைலான் உரிஞ்சிருந்தா மறுபடி கோக்கணும். அப்போ நான் இல்லன்னாலும் வேலை நிக்கக் கூடாது.

ஞாயிறு காலை பூசை முடிஞ்சதும் மண்டபத்துல உக்காருவோம். பிளையர் இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க. 27 மணியையும் எண்ணித்தான் கோத்தோம், எண்ணித்தான் எடுத்து வைப்போம். எண்ணுறதுக்கு ரெண்டு பேர் வேணும்.

அனைவருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும்.