பின்னலும் பிரித்தலும்

கலைகளை அறுபத்து நான்கு என எண்ணிவைத்தனர் முன்னோர். எண்ணுவதையே கலையாகக் கொண்ட கூட்டம் ஒன்றும் உலகில் உண்டு. இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை உல்லன் நூலும் கையிலேந்தி, உதடு அசைய எண்ணிக்கொண்டே அமர்ந்திருக்கும் பின்னற்காரர் கூட்டமே அது. அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே யாம்.

எம் குணங்கள் சிலவற்றை ஒளிக்காமல் உரைத்துவிடுகிறோம். ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று வாயிலில் நிற்கும் விருந்தினர்க்கு, ‘நாற்பத்தேழு’ என்று மறுமொழி கூறுவோம். எண்ணிக்கை தவறினால் வரிசை கெடும். ஆதலால் வரிசை முடிந்த பின்னரே பதில் சலாம் வரும். ‘இந்த ஒரு வரிசை முடியட்டும்’ என்பது எம் வாய்மொழி. அதை நம்பி அடுப்பில் கிடந்து அடிப்பிடித்த சோறு எத்தனையோ! கடைக்குச் சென்றால் தேவைக்கு மேல் ஓர் உருண்டை வாங்காமல் திரும்போம். ஒரே நிறமாயினும், ஒருமுறை தோய்த்த சாயமும் மறுமுறை தோய்த்த சாயமும் ஒத்திரா என்பது அதற்கு யாம் கூறும் காரணம். காரணம் உண்மைதான், ஆனால் பீரோவின் அடித்தட்டு முழுவதும் நிரம்பிக் கிடப்பதற்கு அது போதிய விடையாகாது என்பதையும் அறிவோம். திருமண வீட்டில் முன்பின் அறியாத குழந்தையின் சட்டை ஓரத்தைப் புரட்டி, உட்புறப் பின்னலை ஆராய்ந்து, அதன் தாயின் முறைப்புக்கு ஆளானதும் உண்டு. இவ்வளவும் ஆண்டில் பத்து மாதம் வியர்த்துக் கொட்டும் ஊரில் இருந்துகொண்டு!

நகைப்புக்கு இடமாயினும் இக்கலை பழமை உடையது. இன்று கிடைக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களுள் எகிப்து நாட்டுப் பருத்திக் காலுறைகள் குறிப்பிடத்தக்கவை. 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என ஆய்வாளர் கருதும் அவற்றில், நீலமும் வெண்மையும் விரவி, கூஃபி எழுத்தை ஒத்த கோலங்கள் காணப்படுகின்றன. ஸ்பெயின் நாட்டின் பர்கோஸ் நகரில், 1275இல் மறைந்த கிறித்தவ இளவரசர் ஃபெர்னாண்டோவின் கல்லறையில் பட்டு நூலால் பின்னிய தலையணை உறை ஒன்று கிடைத்தது. முஸ்லிம் கைவினைஞர் பின்னியது என்று கூறப்படும் அதன் ஓரத்தில், வாழ்த்துப் பொருள்தரும் அரபுச் சொல் கண்ணி கண்ணியாக அமைந்துள்ளது. மன்னர்கள் போரிட்ட மண்ணில் ஊசிகள் உறவு கொண்டிருந்தன.

நெய்த துணியைக் கிழித்தால் கிழிந்ததுதான். பின்னலோ நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்து மீண்டும் நூலாகும். ஆதலால் பின்னற்காரர்க்குப் பிரித்தலும் தொழிலே. ஆயினும் திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 92ஆம் வசனம், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டாக்கிய பெண்ணைப் போல் ஆகாதீர் என எச்சரிக்கிறது. வாக்குறுதியை முறிப்போர்க்கு அவள் உவமை. அவ்வசனத்தை ஓதும்போதெல்லாம், எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்கலாகாது என்ற வினா எம் உள்ளத்தில் எழும். விடையை எம் தமக்கையாரிடமே கற்றோம்.

அத்தா மறைந்த பின் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிப்பதில் எமக்கும் ராத்தாவுக்கும் மனத்தாங்கல் நேர்ந்தது. அவர் கேட்டது நியாயமா என்பது ஒருபுறம் இருக்க, பலர் கூடிய அவையில் கடுஞ்சொல் ஒன்றைக் கூறியவர்கள் யாமே. பதினாறு திங்கள் பேச்சில்லை. மூன்று நாளுக்கு மேல் பேசாதிருத்தல் ஆகாது என்பதும், அவ்விருவருள் சிறந்தவர் சலாமை முந்தி உரைப்பவரே என்பதும் நபிமொழியின் கருத்து. வகுப்பில் அதை எடுத்துரைத்த நாவு வீட்டில் எழவில்லை.

அந்நாளில் ராத்தாவின் மகளுக்குப் பெண்மகவு பிறந்தது. கை சும்மா இருக்குமா? கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சிறு ஸ்வெட்டர் பின்னி அம்மாவிடம் கொடுத்தனுப்பினோம். நான்காம் நாள் அது திரும்பி வந்தது. பொட்டலத்தை அவிழ்த்ததும் நெஞ்சு கொதித்தது. முன்பகுதியின் தையலைப் பிரித்து, மேலிருந்து ஏறத்தாழ அடிவரை அவிழ்த்து, மிஞ்சிய கண்ணிகளை ஊசியில் கோத்து, நூலை அழகாக உருட்டி வைத்திருந்தார். உடன் ஒரு துண்டுச் சீட்டு: ‘பதினோராவது வரிசையில் ஒரு கண்ணி மாறிக் கிடக்கு. பிள்ளைக்குப் போடுற சட்டை. ஒழுங்காப் பின்னிக் கொடு.’

பதினாறு திங்களுக்குப் பின் வந்த முதற்சொல் இது! சினம் சிரிப்பாக மாறச் சிறிது நேரமாயிற்று. வெட்கம் அதன்பின் வந்தது. அப்பிழையை யாம் பின்னும்போதே கண்டிருந்தோம். யார் கவனிக்கப் போகிறார் என மேலே பின்னிக்கொண்டே போனோம். அவையில் சொன்ன சொல்லும் அப்படித்தான். தவறென்று அன்றே தெரியும். அதன்மேல் பதினாறு திங்களை வரிசை வரிசையாகப் பின்னியிருந்தோம்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் நூலும் ஊசியுமாக அவர் வீட்டு வாயிலில் நின்று சலாம் உரைத்தோம். ராத்தா திண்ணையில் அமர்ந்து குழந்தைக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். நிமிராமலே, ‘அறுபத்திரண்டு’ என்றார். வேறொருவராயின் முகம் சுளித்துத் திரும்பியிருப்பர். யாம் காத்து நின்றோம். வரிசை முடிந்தது. ‘வ அலைக்குமுஸ்ஸலாம். உள்ளே வா’ என்றார்.

அருகமர்ந்து பதினோராம் வரிசையைச் சீர்செய்தோம். ‘அன்னைக்குச் சொன்னது தப்பு ராத்தா’ என்றோம். ‘தெரியும். கண்ணியைப் பாத்துப் போடு’ என்றார். பாகப்பிரிவினை இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் இப்போது பேசியே வழக்காடுகிறோம்.

இம்மலரைப் புரட்டும் மாணவச் செல்வங்களுக்குச் சொல்ல எம்மிடம் பெரிய தத்துவம் ஏதுமில்லை. உறவு உறுதியாக நூற்ற நூல், அதைத் துண்டாக்கலாகாது. பிழையான வரிசையைப் பிரிக்க அஞ்சவும் கூடாது. பிரித்தால் நூல் போய்விடாது. போவது யாம் செலவிட்ட நேரமும் சிறிது செருக்குமே.