குரலும் வாயும்

1989 கடைசியில் நண்பர் ஒருவர் வீட்டு வீடியோ காசெட்டில் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் 'ரைடு ஆன் டைம்' பாட்டைப் பார்த்தேன். ஒல்லியான ஒரு பெண் வாயசைத்தாள். அந்த உடம்பும் அந்தக் குரலும் ஒட்டவில்லை. பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த எனக்கு அது உறுத்தவுமில்லை. பின்னணிப் பாடகருக்குப் பெயராவது உண்டு என்பது பிறகுதான் உறைத்தது.

குரலுக்குரியவர் லொலீட்டா ஹாலோவே. பெயர் எனக்குத் தெரிந்தது 21 வருஷம் கழித்து, 2011 மார்ச்சில், அவர் இறந்த செய்தியில்.

1946ல் சிகாகோவில் பிறந்தவர். தாயார் நடத்திய காஸ்பல் குழுவில் பாட ஆரம்பித்து, பின் ஆல்பர்ட்டினா வாக்கரின் காரவன்ஸ் குழுவில் 1971 வரை இருந்தார். அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயத்தில் பாட்டு என்பது சாட்சி சொல்வது. பாடுகிறவள் தனக்கு நேர்ந்ததைச் சபைமுன் நின்று சொல்கிறாள். சபை பதில்குரல் கொடுக்கிறது. யாருடைய சாட்சி என்பது அங்கே முக்கியம்.

இதை அவர் சோல் பாட்டுக்கும், பிறகு டிஸ்கோவுக்கும் அப்படியே கொண்டுபோனார். டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்த 'லவ் சென்ஸேஷன்' (1980) பாட்டில் தாளம் யந்திரம்போல மாறாமல் போகிறது. குரல் அதன்மேல் ஏறி, கரகரத்து, உடைகிற விளிம்பில் நிற்கிறது. கடவுள் இருந்த இடத்தில் காதலன். மூச்சு அதே மூச்சு.

இந்த உச்சங்களைத்தான் பிளாக் பாக்ஸ் ஸாம்ப்ளரில் வெட்டி எடுத்து ஒட்டியது. புதிய தலைப்பே மூலப் பாட்டின் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதால் வந்தது. பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். ஹாலோவேயின் பெயர் எங்குமில்லை. வக்கீல் வைத்த பிறகே பணம் வந்தது. 1991ல் மார்க்கி மார்க்கின் 'குட் வைப்ரேஷன்ஸ்' அதே பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆனால் அவர் பெயரைப் போட்டது, வீடியோவிலும் அவரையே பாடவைத்தது. அமெரிக்காவில் அது முதலிடத்துக்கு வந்தது. பெயர் போட்டதால் யாருக்கும் நஷ்டமில்லை.

பிரதி போதும், எழுதியவன் வேண்டாம் என்று இதுபோன்ற பக்கங்களில் நானும் வாதாடியிருக்கிறேன். அது முழுக்கத் தவறென்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் எழுதியவன் தானே விலகிக்கொள்வது வேறு, விலக்கப்படுவது வேறு. இந்த வித்தியாசத்தை நான் அப்போது யோசிக்கவில்லை. சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கி அனுப்பிவிட்டு, வாக்குமூலத்தை மட்டும் நம்முடையதாக வைத்துக்கொள்ள முடியாது.